படையூர்க்காரரும் ஒரு வீட்டுக் கடனும்

கொஞ்சம் நீளமான இழை மக்களே. இன்னைக்கு மருத்துவம் கம்மி, வரலாறு ஜாஸ்தி. உங்க வீட்டுல யாராவது மிலிட்டரில இருந்தாலோ, இருந்துட்டு வந்திருந்தாலோ கடைசி வரைக்கும் படிச்சிருங்க.

சில மாதங்களுக்கு முன் புறநோயாளிகள் பிரிவில் ஒருத்தர் வந்தார். வயசு 46. ரத்த அழுத்தம் 170/110. சர்க்கரை இல்லை, புகை இல்லை, மது இல்லை. காலையில் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிற உடம்பு. 24 வருஷம் ராணுவத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். "தூக்கம் எப்படிண்ணே?" என்று கேட்டேன். "தூங்கி ரெண்டு மாசம் ஆச்சு சார்" என்றார்.

காரணம் வீட்டுக் கடன். ஒரு வங்கியில் ஆறு முறை அலைந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஒரு காகிதம் கேட்டிருக்கிறார்கள். கடைசியில், மனை கோயிலுக்குச் சொந்தமான அடிமனை, பட்டா உங்க பேர்ல இல்ல, கடன் கிடையாது என்று ஃபைலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மாத்திரை எழுதிக்கொண்டிருக்கும்போது கேட்டார். "சார், அமெரிக்காவுல மிலிட்டரில இருந்துட்டு வந்தாலே வீடு வாங்கக் கடன் குடுத்துருவாங்களாமே. வாட்ஸ்அப்புல வந்துச்சு. நெசமா?"

எனக்கு அன்றைக்கு பதில் தெரியவில்லை. வாட்ஸ்அப்பில் வருவதில் பாதி பொய் என்பது என் தொழில் அனுபவம். தேடிப் படித்தேன். இது நெசம். ஆனால் அதில் அவருக்குச் சொல்ல வேண்டிய இன்னொரு பாதியும் இருந்தது. (அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.)

முதல்ல ஊரைச் சொல்லிடறேன், ஏன்னா கதை இங்கதான் தொடங்குது.

தாராசுரம்னா உங்களுக்கு ஐராவதேஸ்வரர் கோயில் ஞாபகம் வரும். 12-ம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் கட்டியது. 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கல் சக்கரம் வைத்த மண்டபத்தில் நின்று எல்லோரும் போட்டோ எடுப்பீர்கள். ஆனால் அங்கிருந்து பட்டீஸ்வரம், பழையாறைப் பக்கம் வண்டியில் போனால் ஊர்ப் பெயர்களைக் கவனியுங்கள். ஆரியப்படையூர், பம்பைப்படையூர், புதுப்படையூர், மணப்படையூர். நாலும் 'படை' ஊர்கள். பழையாறை சோழர்களின் இன்னொரு தலைநகர். அதைச் சுற்றி அவர்களுடைய படைகள் குடியிருந்த இடங்கள் இவை என்பது நம்ம பக்கம் எல்லோரும் சொல்வது. இன்றைய சொல்லில் சொன்னால் கன்டோன்மென்ட். என் நோயாளி இந்த நாலு ஊரில் ஒன்றைச் சேர்ந்தவர். படைக்காக உண்டான ஊரில் பிறந்து, படையில் 24 வருஷம் இருந்துவிட்டு, அதே ஊரில் ஒரு வீடு கட்ட முடியாமல் பிரஷர் மாத்திரை வாங்க வந்திருக்கிறார்.

அந்தக் காலத்தில் படைவீரனுக்கு என்ன கிடைத்தது? சம்பளமாகக் காசும் நெல்லும் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் நிலம். படைக்கென்று ஒதுக்கிய நிலத்துக்குக் கல்வெட்டுகளில் 'படைப்பற்று' என்று பெயர். இன்னொரு சொல் இருக்கிறது, அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை. 'உதிரப்பட்டி'. சண்டையில் செத்தவனின் குடும்பத்துக்கு விடும் வரியில்லா நிலம். இதற்கே 'நெய்த்தோர்பட்டி' என்றும் பெயர். நெய்த்தோர் என்றால் ரத்தம். தினமும் ரத்தம் ஏற்றுகிற, ரத்தத்துக்கு அலைகிற வேலையில் இருக்கிறேன். ஒரு மனிதனின் ரத்தத்துக்கு ஈடாக ஒரு துண்டு நிலத்தை அளந்து கொடுத்து, அந்த நிலத்துக்கே ரத்தம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

உடனே 'அந்தக் காலமே பொற்காலம்'னு கமென்ட்டுல வந்துராதீங்க. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட படைப்பிரிவுகளின் பெயர்கள் உண்டு. அந்தப் பிரிவுகளில் இருந்த சாதாரண வீரர்களின் பெயர்களை அங்கே தேடிப் பாருங்கள், கிடைப்பது அபூர்வம். தாராசுரத்தில் இன்னொரு பொருள் இருந்தது. சாளுக்கியரின் கல்யாணபுரத்தை முதலாம் ராஜாதிராஜன் அழித்து, அங்கிருந்து கொண்டுவந்த துவாரபாலகர் சிலை. யார், எங்கே ஜெயித்துக் கொண்டுவந்தது என்று அதன் பீடத்திலேயே வெட்டியிருக்கிறது. இப்போது தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் பார்க்கலாம். ராஜா வெற்றிக்கு அடையாளமாக ஒரு வாயில் காவலரைக் கொண்டுவந்தார். அதைத் தூக்கி வந்தவனுக்குச் சொந்தமாக ஒரு வாயில் இருந்ததா என்பது எந்தக் கல்லிலும் இல்லை.

கடன்கூட அப்போதே உண்டு. பெரிய கோயிலின் பணத்தை ஊர்ச்சபைகள் கடனாக வாங்கியிருக்கின்றன. வட்டி ஒரு காசுக்கு வருஷத்துக்கு அரைக்கால் காசு. அதாவது எட்டில் ஒரு பங்கு, நூற்றுக்குப் பன்னிரண்டரை. இன்றைய பர்சனல் லோன் ரேட்டுக்குப் பக்கத்தில் வருது பாருங்க! ஆனால் கடன் வாங்கியது சபை. தனி ஆள் இல்லை. தனி ஒரு வீரன் 'நான் இத்தனை வருஷம் படையில் இருந்தேன், அதனால் எனக்கு வீட்டுக்குக் கடன் கொடு' என்று உரிமையாகக் கேட்கும் ஏற்பாட்டை அமெரிக்கா 1944-ல் கொண்டுவந்தது.

அமெரிக்கா அதை அன்பினால் கொண்டுவரவில்லை. பயத்தினால் கொண்டுவந்தது.

முதல் உலகப்போரில் சண்டை போட்டவர்களுக்கு ஒரு போனஸ் தருவதாக அமெரிக்க அரசு சொல்லியிருந்தது. ஆனால் பணம் கைக்கு வருவது 1945-ல்தான் என்று தேதி போட்டுக் கொடுத்தது. நடுவில் பொருளாதார வீழ்ச்சி. வேலை போச்சு, வீடு போச்சு. 1932-ல் சுமார் 17,000 முன்னாள் வீரர்கள் குடும்பத்தோடு வாஷிங்டனுக்கு வந்து, ஆற்றங்கரையில் தகரத்திலும் அட்டையிலும் குடிசை போட்டு உட்கார்ந்தார்கள். 'போனஸை இப்பவே கொடு' என்றார்கள். ஜூலை 28 அன்று போலீஸ் சுட்டதில் இரண்டு முன்னாள் வீரர்கள் செத்தார்கள். அன்றைக்கே ராணுவம் இறங்கியது. குதிரைப்படை, டாங்கி, கண்ணீர்ப்புகை. குடிசைகள் எரிந்தன. தலைமை தாங்கியவர் டக்ளஸ் மெக்கார்தர். உடன் இருந்தவர்கள் பேட்டன், ஐசனோவர். இரண்டாம் உலகப்போரில் நீங்கள் படிக்கும் அதே மூன்று பெயர்கள். தன் நாட்டுப் பழைய சிப்பாய்களை ஓட்டிவிட்டுத்தான் அந்தப் பெயர்கள் ஐரோப்பாவுக்கும் பசிபிக்குக்கும் போயின.

இரண்டாம் போரில் அமெரிக்கா படையில் சேர்த்தது சுமார் 1 கோடியே 60 லட்சம் பேரை. இத்தனை பேரும் திரும்பி வந்து வேலையும் வீடும் இல்லாமல் நின்றால் 17,000 பேர் எம்மாத்திரம்? போர் முடியும் முன்பே சட்டம் தயாரானது. முன்னாள் வீரர் அமைப்பான அமெரிக்கன் லீஜியனின் ஹாரி கோல்மெரி, வாஷிங்டனில் ஒரு ஓட்டல் அறையில், அந்த ஓட்டலின் லெட்டர்பேடிலேயே கையால் அதன் முதல் வரைவை எழுதினார். 1944 ஜூன் 22-ல் ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்டார். ஜிஐ பில் என்று உலகம் அழைக்கும் சட்டம். படிப்புக்குப் பணம், வேலை கிடைக்கும் வரை உதவித்தொகை, மூன்றாவது வீட்டுக் கடன்.

இந்த மூன்றாவதுதான் நமக்கு முக்கியம். இதை நிறைய பேர் தப்பாப் புரிஞ்சு வச்சிருக்காங்க. அரசு வீடு கொடுக்கவில்லை. கடனும் கொடுக்கவில்லை. அரசு செய்தது ஜாமீன் கையெழுத்து. வீரர் வங்கியில் கடன் வாங்குகிறார். அவர் கட்டாமல் போனால் கடனில் பாதி வரைக்கும், அதிகபட்சம் 2,000 டாலர், அரசு வங்கிக்குக் கொடுக்கும். 1945-லேயே அதை 4,000 டாலராக உயர்த்தினார்கள். வட்டி 4 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. பாதிக் கடனுக்கு அரசே பொறுப்பு என்றால் வங்கிக்கு என்ன பயம்? கையில் முன்பணம் இல்லாதவருக்கும் கடன் கிடைத்தது.

தகுதி என்ன தெரியுமா? போர்க்காலத்தில் 90 நாள் சர்வீஸ். காயம் பட்டு வெளியே வந்திருந்தால் அதுவும் வேண்டாம். வெளியே வரும்போது அவமானகரமாக வெளியேற்றப்படாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான். 1944-லிருந்து 1952-க்குள் இப்படி அரசு ஜாமீன் நின்ற வீட்டுக் கடன்கள் சுமார் 24 லட்சம். நியூயார்க் பக்கத்தில் லெவிட்டவுன் என்று ஒரு ஊரே முளைத்தது. ஒரே அச்சில் வார்த்த மாதிரி 17,000-க்கு மேற்பட்ட வீடுகள். 1949-ல் ஒரு வீடு 7,990 டாலர். அமெரிக்க நடுத்தர வர்க்கம் என்று சினிமாவில் பார்ப்போமே, முன்னால் புல்வெளி, பின்னால் குழந்தைகள் விளையாடும் இடம், அதில் பெரும்பங்கு இந்தக் கையெழுத்தில் வந்தது.

இப்ப அந்த இன்னொரு பாதி.

சட்டத்தில் நிறம் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கறுப்பின வீரருக்கும் அதே தகுதி. ஆனால் கடன் கொடுப்பது உள்ளூர் வங்கி. வீடு விற்பது உள்ளூர் ஆள். 1947-ல் மிசிசிப்பி மாநிலத்தின் 13 நகரங்களில் ஒரு கணக்கெடுத்தார்கள். அரசு ஜாமீனோடு வீட்டுக்கும் தொழிலுக்கும் பண்ணைக்கும் கொடுத்த கடன்கள் 3,229. அதில் கறுப்பின வீரர்களுக்குப் போனது 2.

மறுபடி படிங்க. 3,229-ல் 2.

லெவிட்டவுன் வீட்டு ஒப்பந்தத்திலேயே, வெள்ளையர் அல்லாதவர் இங்கே குடியிருக்கக் கூடாது என்று ஒரு ஷரத்து இருந்தது. வீட்டு வேலை செய்பவராக இருந்தால் மட்டும் பரவாயில்லையாம். நார்மண்டியில் கரையேறியவராக இருக்கலாம், கையில் தகுதிச் சான்றிதழ் இருக்கலாம். வங்கி 'உங்க தெருவுல வீட்டுக்கு மதிப்பு இல்ல' என்றது. மதிப்புள்ள தெருவில் விற்பவர் 'உங்களுக்கு இல்ல' என்றார்.

காகிதத்திலேயே ஆளைக் கழித்ததும் உண்டு. மரியாதையான விடுவிப்பும் இல்லாமல் அவமான விடுவிப்பும் இல்லாமல் நடுவில் ஒன்றை ராணுவம் வைத்திருந்தது. நீலத் தாளில் அச்சடித்ததால் 'நீல டிஸ்சார்ஜ்' என்பார்கள். விசாரணை வேண்டாம், மேலதிகாரிக்குப் பிடிக்கவில்லை என்றால் போதும். தன்பாலின ஈர்ப்பு உள்ளவர்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் அதை அள்ளிக் கொடுத்தார்கள். 1941 டிசம்பரிலிருந்து 1945 ஜூன் வரை கொடுத்த 48,603 நீலத் தாள்களில் 10,806 கறுப்பின வீரர்களுக்கு. ராணுவத்தில் அவர்கள் பங்கு அப்போது 6.5 சதவீதம், நீலத் தாளில் 22 சதவீதம். சட்டப்படி இது அவமான விடுவிப்பு இல்லை. ஆனாலும் முன்னாள் வீரர் நிர்வாகம் நீலத் தாளைப் பார்த்தாலே சலுகையை மறுத்தது.

எங்க ஓபி-யில டிஸ்சார்ஜ் சம்மரி எழுதும்போது ஒரு வார்த்தை தவறினா இன்சூரன்ஸ் கிளைம் நின்னு போகும். அதனால ஒரு தாள் ஒருத்தர் வாழ்க்கையை என்ன செய்யும்னு எனக்குக் கொஞ்சம் தெரியும்.

சரி, நம்ம நாட்டுக்கு வருவோம்.

வெள்ளைக்காரன் காலத்தில் சிப்பாய்க்கு நிலம் கொடுத்தார்கள், ஆனால் பெரும்பாலும் பஞ்சாபில். கால்வாய் வெட்டிப் புதிதாகப் பாசனம் கொண்டுவந்த பூமியில் முன்னாள் வீரர்களுக்கென்று பெரும் பரப்பை ஒதுக்கினார்கள். காவிரி டெல்டாவில் அப்படிக் கொடுக்க என்ன இருந்தது? ஆயிரம் வருஷமாகப் பயிரான நஞ்சை. ஒவ்வொரு மாவும் கோயில், மடம், மிராசுதார் என்று யாரோ ஒருவர் பெயரில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் 'வீர இனம்' என்று ஒரு கோட்பாட்டைச் சொல்லி மெட்ராஸ்காரர்களைப் படையில் எடுப்பதையே குறைத்துவிட்டார்கள். இரண்டாம் போர் வந்ததும் ஆள் தேவைப்பட்டது, கோட்பாடு மறந்துபோனது. போர் முடியும்போது இந்திய ராணுவத்தில் சுமார் 25 லட்சம் பேர். அவ்வளவு பேரும் தாமாகச் சேர்ந்தவர்கள்.

அமெரிக்கா ஜிஐ பில் போட்ட அதே போரில் இந்திய வீரருக்கு என்ன? போருக்குப் பிந்தைய மறுசீரமைப்பு நிதி என்று ஒன்று சேர்த்தார்கள். அது பொது நிதி. எல்லோருக்கும் பொதுவான நலத்திட்டங்களுக்கு. 'இது உன் உரிமை' என்று ஒரு தனி வீரர் கையில் கொடுக்கும் சான்றிதழ் அல்ல. அந்தப் போரில் பர்மாவுக்கும் வட ஆப்பிரிக்காவுக்கும் போய்வந்தவர்கள் திரும்பி வந்து இறங்கியது அதே கூரை வீட்டில்.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்றேன். 1976-ல் ராணுவக் குழுக் காப்பீட்டு நிதி. வீரர்களின் மாதச் சந்தாவில் ஓடுவது. பணியில் இருப்பவர்களுக்கு அதிலிருந்து வீடு கட்ட முன்பணம் கிடைக்கும். 1978-ல் ராணுவ நல வீட்டுவசதி அமைப்பு. லாபம் நஷ்டம் இல்லாத விலைக்கு அடுக்குமாடி கட்டித் தருவார்கள். பணியில் இருப்பவர், ஓய்வு பெற்றவர், மறைந்த வீரரின் மனைவி மூவரும் கேட்கலாம். ஆனால் கட்டுவது நகரங்களில். படையூர்க்காரருக்கு நகரத்தில் மூன்றாவது மாடி எதுக்கு? அவருக்கு வேண்டியது மாடு கட்ட ஒரு கொட்டகையும் அம்மா உட்கார ஒரு திண்ணையும். எஸ்.பி.ஐ.யில் பாதுகாப்புப் படையினருக்கென 'ஷௌர்யா' என்ற பெயரில் வீட்டுக் கடன் உண்டு. போரில் இறந்தவரின் குடும்பம், போரில் ஊனமுற்றவர், பணி காரணமாகவே உயிரோ உறுப்போ இழந்தவர், இவர்களுடைய வீட்டுக் கடன் வட்டியில் பாதியை மத்திய முப்படை வீரர் வாரியம் திருப்பித் தரும். நல்ல விஷயம். ஆனால் விதியில் உள்ள கடன் வரம்பு 1 லட்சம் ரூபாய். இன்றைக்கு கும்பகோணத்தில் 1 லட்சத்துக்கு என்ன கட்டலாம்? செப்டிக் டேங்க் கட்டி முடிக்கலாம்.

எல்லாம் இருக்கிறது. ஆனால் அமெரிக்கா செய்த அந்த ஒரே காரியம், சர்வீஸில் இருந்த ஒரே காரணத்துக்காக வீரருக்குப் பக்கத்தில் நின்று அரசு ஜாமீன் போடுவது, அது இங்கே இல்லை. இங்கே வங்கி பார்ப்பது பென்ஷன் ஸ்லிப், வயது, பட்டா.

இதுல இன்னொரு கூட்டம் வரப்போகுது. 2022-ல் தொடங்கிய அக்னிவீர் திட்டத்தில் சேர்ந்தவர்கள். நாலு வருஷம் முடிந்ததும் நால்வரில் ஒருவர் வரைக்கும் படையில் தொடரலாம், மற்றவர் வீட்டுக்கு. திட்டம் அறிவித்தபோது சொன்ன சேவா நிதி சுமார் 11.71 லட்சம் ரூபாய். பென்ஷன் கிடையாது. அந்தத் திட்டப்படி முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் கிடையாது. 23, 24 வயதில் ஊருக்கு வருகிற பிள்ளை வங்கியில் எந்தத் தாளைக் காட்டுவான்? 1944-ல் 90 நாள் போதும் என்றார்கள். இங்கே நாலு வருஷம் போதவில்லை. திட்டம் தேவையா இல்லையா என்ற சண்டைக்கு நான் வரல. வீட்டுக் கடன் கவுன்ட்டரில் நிற்கும்போது அவன் யார் என்பதைத்தான் கேட்கிறேன்.

மறுபடி என் நோயாளியிடம் வருகிறேன். அவருக்குத் தகுதியில் குறையில்லை. டிஸ்சார்ஜ் புக்கில் நடத்தை பற்றி நல்ல குறிப்பு. பென்ஷன் ஒழுங்காக வருகிறது. தடுத்தது மண். தாராசுரம், கும்பகோணம் பக்கம் ஏராளமான குடும்பங்கள் கோயில், மட மனைகளில் தலைமுறைகளாக வாழ்கின்றன. கட்டடம் நம்முடையது, அடிமனை சாமியுடையது. வாடகை கட்டுகிறோம். அந்த மனையை அடமானம் வைக்க நமக்கு உரிமை இல்லை, எந்த வங்கியும் தொடாது. கோயில் சொத்தைக் காப்பாற்ற அந்த விதி வேண்டும்தான், நான் அதை எதிர்க்கவில்லை. ஆனால் மிசிசிப்பிக்காரரும் படையூர்க்காரரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள் பாருங்கள். காரணம் வேறு. அங்கே செய்தது நிறவெறி, இங்கே நிலத்தின் பழைய கணக்கு. இரண்டு பேர் கையிலும் சேவை செய்த சான்று இருக்கிறது, வீடு நிற்க மண் இல்லை. உதிரப்பட்டி கொடுத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. அவர்கள் கொடுத்தது மண்ணை.

அவரிடம் இதையெல்லாம் சொன்னேன், கொஞ்சம் சுருக்கி. "அப்ப அங்கயும் எல்லாருக்கும் கெடைக்கல" என்றார். பிறகு, "நான் சர்வீஸ்ல இருந்தப்பவே வேற மனை பாத்திருக்கணும் சார். லீவுல வந்தா தங்கச்சி கல்யாணம், அப்பா ஆபரேஷன்னு போயிடுச்சு."

உங்க வீட்டுப் பிள்ளை இப்போது பணியில் இருந்தால் இதை மட்டும் செய்யுங்க. மனையின் பட்டா யார் பெயரில், வில்லங்கத்தில் என்ன, அடிமனையா என்று இப்பவே பாருங்க. காப்பீட்டு நிதி முன்பணத்தைப் பணியில் இருக்கும்போதே கேட்கச் சொல்லுங்க. ஓய்வு பெற்றவரோ, வீரரின் மனைவியோ என்றால் டிஸ்சார்ஜ் புக்கையும் பென்ஷன் ஆணையையும் எடுத்துக்கொண்டு தஞ்சாவூரில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்க. அடையாள அட்டை இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்க.

போன வாரம் வந்திருந்தார். மச்சான் பெயரில் பட்டா உள்ள மனையில் இரண்டு சென்ட் எழுதி வாங்கியிருக்கிறார். வேறொரு வங்கி. ஃபைல் வக்கீல் ஒப்பீனியனில் இருக்கிறது, 30 வருஷ வில்லங்கம் கேட்டிருக்கிறார்கள். ரத்த அழுத்தம் 138/88. "மாத்திரையை நிறுத்திடலாமா சார்?" என்றார். கடன் கைக்கு வந்தாலும் நிறுத்தக் கூடாதுண்ணே என்று சொல்லி, இன்னும் ஒரு மாதத்துக்கு அம்லோடிபின் எழுதிக் கொடுத்தேன்.